கறையண்ணனின் ஏழு நாள் தணிக்கை

"தலையில சுடு! தலையிலன்னு சொன்னேன்ல? கால்ல சுட்டா நொண்டிக்கிட்டே வந்து நம்ம உயிர வாங்குவான்!"

மாலை ஆறு மணிக்கு இந்த அருள்வாக்கைக் கேட்டுத்தான் கறையண்ணன் கண் விழித்தார். சொன்னது வேறு யாருமில்லை, அவருடைய மனைவி. கரப்பான்பூச்சியைக் கண்டால்கூட, "பாவம், அதுக்கும் குடும்பம் குட்டி இருக்கும், அடிக்காம வெளியில விடுங்க" என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவரும் அதே மனைவி.

அவர் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சபதம் செய்தார். இன்று முதல் இந்த வீட்டில் ஒரு சொட்டு இரத்தம் சிந்தக் கூடாது. சபதம் முடிந்ததும் செருப்பைத் தேடினார். ஒன்றுதான் அகப்பட்டது. ஆகவே சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த அந்தச் சபதம் ஒற்றைச் செருப்போடுதான் கூடத்துக்கு நடந்து வந்தது.

கறையண்ணன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, கூட வேலை செய்பவர்கள் வைத்தது. ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவருக்கு இரவு வேலை. ராத்திரி பூராவும் மூட்டை மூட்டையாகத் துணி வரும். ஒரு விரிப்பைப் பிரித்துப் பார்த்தாலே போதும், இது மருந்து, இது டீ, இது கஞ்சி, இது இரத்தம், இது எத்தனை மணி நேரத்து இரத்தம் என்று ஜாதகம் சொல்லிவிடுவார். காலை ஒன்பது மணிக்குப் படுத்து மாலையில் எழுந்திருக்கிற பிழைப்பு. மனைவி ஐந்தரைக்கு வேலையிலிருந்து வருவாள். அவர் ஒன்பதுக்குக் கிளம்ப வேண்டும். நடுவில் கிடைக்கிற இந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுடைய மொத்தக் குடித்தனமும். அந்த நேரத்தில்தான் இரண்டு மாதமாகத் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருக்கிறது.

கூடத்தில் மனைவி காதுகளில் பெரிய ஹெட்போனும் கையில் கன்ட்ரோலருமாக உட்கார்ந்திருந்தாள். திரையில் இடிந்த கட்டடங்கள், புகை, ஓட்டம்.

"என்ன இது?"

"துப்பாக்கி."

"அது தெரியுது. யாரச் சுடறே?"

"சிவப்புத் தொப்பிக்காரங்கள."

"அவங்க உன்ன என்ன பண்ணாங்க?"

"சுடறாங்க."

"எதுக்கு?"

"நாம நீலத் தொப்பி இல்லையா?"

கறையண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பேப்பர் படிக்கிறியா நீ? வீடியோ கேம்ல வர்ற வன்முறையத் தணிக்கை பண்ணணும்னு ஊரே பேசிக்கிட்டிருக்கு. எங்க சலவைக்கூடத்துல கொதிகலன் பாக்கறவரு அத்தனையையும் தடை பண்ணணும்கிறாரு."

"இஸ்திரி போடற அக்கா என்ன சொல்றாங்க?"

"அது எதுக்கு? நியூஸ்ல இதவிட மோசமா காட்டறான், அத மொதல்ல நிறுத்துங்கன்னு சொல்லுது."

"நல்லாத்தானே சொல்றாங்க."

"பாத்துப் பாத்து மனுஷன் மனசு மரத்துப் போயிடும்டி!"

"நீங்க பத்தொம்பது வருஷமா தினமும் ரத்தத்தப் பாக்கறீங்க. யாரையாச்சும் குத்திட்டீங்களா?"

"நான் ஒரு கொசுவக்கூட..."

"ஒயர வெட்டினீங்க."



அந்த ஒயர் விவகாரம் இந்த வீட்டில் யாரும் தொடாத புண். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மகனுக்குப் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை நெருங்கியிருந்த நேரம். இதே கேம் பெட்டி, இதே துப்பாக்கிச் சத்தம். கறையண்ணன் கத்தரிக்கோலை எடுத்தார். ஆனால் நிதானமான மனிதர், ஷாக் அடிக்கும் என்று முதலில் மெயினை அணைத்தார். வீடு இருண்டது. இருட்டில் தடவி ஒரு ஒயரை நறுக்கினார். மெயினைப் போட்டால் வெளிச்சம் வந்தது, பெட்டியின் விளக்கும் பளிச்சென்று எரிந்தது. மேஜை மின்விசிறி மட்டும் சுற்றவில்லை. மறுபடியும் மெயினை அணைத்து, மறுபடியும் தடவி, இன்னொன்றை நறுக்கினார். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிறவர் அல்ல.

மகன் சுவரில் சாய்ந்து நின்று அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகும் பெரிதாகச் சொல்லவில்லை. பரீட்சை எழுதினான், நல்ல மார்க் வாங்கினான், தூரத்து ஊருக்குப் படிக்கப் போய்விட்டான். போன் செய்தால் அப்பாவுக்கென்று அவன் வைத்திருப்பது மூன்றே வாக்கியம். "ம்." "சாப்டேன்." "அம்மாகிட்ட குடுங்க." பிறகு அம்மா போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவாள். உள்ளே உட்கார்ந்திருக்கும் கறையண்ணனுக்கு அவள் சிரிப்பு மட்டும் கேட்கும்.

அவனாக இறங்கி வரட்டும் என்று இவர் இருந்தார். அவராகப் பேசட்டும் என்று அவன் இருந்தான்போல. கறை காய்ந்துகொண்டே இருந்தது.

"பழசெல்லாம் எதுக்கு இப்போ? இந்த ஆட்டத்துக்கு இன்னியோட தடை. அவ்ளோதான்" என்றார் அவர், ஒற்றைச் செருப்பைத் தட்டி.

மனைவி திரையில் ஒரு சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். அவள் முகமே மாறிவிட்டது. குரலில் ஆபீஸ் வந்து உட்கார்ந்தது.

"புகாரா?"

அவள் தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு. பதினேழு வருஷமாக ஒரே மேஜை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கொதித்துக்கொண்டு வருகிறவர்கள், தண்ணீர் இல்லாமலேயே தணிந்து திரும்பிப் போகிற மேஜை அது. எந்தப் புகாருக்கும் 'முப்பது நாள்ல முடிவு' என்றே சொல்வதால், ஊரில் அவளுக்கு முப்பது நாளம்மா என்று பெயர்.

"புகார்னே வெச்சுக்கோ."

"எழுத்துல குடுங்க."

"வீட்டுக்குள்ள என்னடி எழுத்து?"

"தேதி, நேரம், குறைபாடு என்ன, ஆதாரம் என்ன, எல்லாம் வேணும். எதிர்த்தரப்பையும் விசாரிக்கணும். அப்புறம் தல ஆய்வு. நேர்ல வந்து பாக்காம நாங்க ஒரு குழாயக்கூட மூட மாட்டோம்."

"தல ஆய்வுன்னா?"

"இதோ இங்க, என் பக்கத்துல, ஆறரையிலேருந்து எட்டரை வரைக்கும் உக்காந்து பாக்கணும். ஏழு நாள். எதெது வெட்டணும்னு குறிச்சுக்கங்க. ஏழாம் நாள் முடிவு சொல்லிடலாம்."

கறையண்ணன் மீசையைத் தடவினார். தினமும் இரண்டு மணி நேரம், அவள் பக்கத்தில், ஒரே சோபாவில். அதுவும் கடமையின் பெயரால்! இதற்காகத்தானே இரண்டு மாதமாக மனுஷன் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "சமூகத்துக்காக ஒத்துக்கறேன்" என்றார்.

அன்றைக்கே ஒரு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். முதல் பக்கத்தில் 'தணிக்கைக் குறிப்புகள்' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

முதல் அரைமணி நேரத்தில் நாற்பது பேர் விழுந்தார்கள். அவர் பேனா ஓடவில்லை. திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எழுதல?"

"இரு. அந்த ஆளு விழுந்தான்ல, அந்த வெள்ளைச் சுவர் பக்கத்துல? ரத்தம் எங்க போச்சு?"

"மறைஞ்சிடும். மூணு நொடிதான்."

"அதெப்படி மறையும்?"

"கேம்ல அப்படித்தான்."

"அதெப்படிடி மறையும்?" கறையண்ணனுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "பட்டவுடனே பளிச்சுனு இருக்கும். ஒரு மணி நேரத்துல மங்கும். விடியறதுக்குள்ள பழுப்பாகி, துணி விறைச்சு, அட்ட மாதிரி நிக்கும். சுவத்துல பட்டா சுவரு குடிச்சிடும். இவன் மூணு நொடில துடைச்சுட்டான். யாரு துடைச்சா?"

"அப்போ ரத்தம் பத்தலன்னு புகார் எழுதறீங்களா?"

"பத்தலன்னு சொன்னேனா? ஒருத்தன் விழுந்தா ஒருத்தன் தூக்கணும். ஒருத்தன் அலசணும். அதையும் காட்டுன்னு சொல்றேன். அதக் காட்டினான்னா நாலாவது ஆளச் சுடறதுக்குள்ள உனக்கே கை வலிச்சிடும்."

மனைவி ஹெட்போனில் வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த சின்ன மைக்கை இரண்டு விரலால் மெல்ல அவர் பக்கமாகத் திருப்பினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"எப்படித்தான் அலசுவீங்க?" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

"பச்சத் தண்ணி. எல்லாரும் அவசரப்பட்டு வெந்நீர ஊத்துவாங்க. ஊத்தினா அவ்ளோதான், கறை நூலுக்குள்ள போய் உக்காந்துக்கும், சாமி வந்தாலும் போகாது. பச்சத் தண்ணியில ஊறப் போட்டுட்டுச் சும்மா காத்திருக்கணும். புதுசா வர்ற பசங்களுக்கு அதச் சொல்லிக் குடுக்கறதுதான் கஷ்டம். காத்திருக்க மாட்டானுங்க."

பிறகு அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். பெயர் தெரியாத மனிதர்களை விரிப்பை வைத்தே தெரிந்துகொள்வதைச் சொன்னார். பிரசவ வார்டுத் துணி வந்தால் பிரிக்கும்போதே எல்லோரும் சிரித்துக்கொள்வதைச் சொன்னார். ஒருநாள் விபத்துப் பிரிவிலிருந்து வந்த மூட்டையில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை இருந்தது. அன்றைக்குக் காலையில் வீட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த மகன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாராம்.

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல."

"அவன்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"அவன்கிட்ட என்னத்தச் சொல்றது? அதுக்குப் பதிலா ஒயர வெட்டினேன்" என்றார் கறையண்ணன். சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அவசரமாக நோட்டில் 'இரத்தம் மறைதல் – கண்டிக்கத்தக்கது' என்று எழுதினார்.

மூன்றாம் நாள் மனைவி, "அடுப்புல பால் இருக்கு, இதக் கொஞ்சம் பிடிங்க" என்று கன்ட்ரோலரை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே!"

"சும்மா நில்லுங்க போதும்."

சும்மா நின்றார். சுட்டுவிட்டார்கள். திரை சிவந்தது. தம்முடைய நீலத் தொப்பி மண்ணில் கிடப்பதைக் கண்டு கறையண்ணன் அத்தனை பொத்தானையும் சேர்த்து அழுத்தினார். அப்போது எங்கிருந்தோ இன்னொரு நீலத் தொப்பி ஓடி வந்தது. குண்டு மழைக்கு நடுவே மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனது. அதன் தலைக்கு மேல் 'ஈரத்துணி' என்று பெயர் மிதந்தது.

"ஈரத்துணியாமே! என்ன பேரு இது?" என்று கத்தினார் அவர்.

"ஆட்டத்துல என் பேரு புகார்ப்பெட்டி. அதுக்கு இது தேவல" என்றாள் அவள், சமையலறையிலிருந்து.

அந்தப் பால் காய நாற்பது நிமிஷம் ஆனது. அதற்குள் கறையண்ணன் ஒன்பது தடவை விழுந்தார். ஒன்பது தடவையும் ஈரத்துணி வந்து தூக்கியது. ஒரு தடவை அவர் மாடியிலிருந்து தாமாகவே குதித்துச் செத்தார். அதற்கும் வந்தது.

நான்காம் நாள் அவரே கன்ட்ரோலரைக் கேட்டு வாங்கினார். "உள்ள இறங்கிப் பாத்தாத்தான் ஆழம் தெரியும்" என்று காரணம் சொன்னார். அன்று பதினான்கு தடவை விழுந்தார்.

"யாரு பெத்த பிள்ளையோ, தங்கமான பையன். எவ்ளோ பொறுமை! நான் இவன மாதிரி ஒருத்தன இத்தன தடவ தூக்கியிருந்தா, போடா நீயும் உன் ஆட்டமும்னு விட்டுட்டுப் போயிருப்பேன். நல்ல வளர்ப்பு."

"பாதி வளர்ப்பு நல்லாத்தான் இருந்திருக்கணும்" என்றாள் மனைவி. "நன்றி சொல்லணும்னா ஹெட்போன் மாட்டிட்டுச் சொல்லுங்க."

"முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட என்னத்தப் பேசறது?"

ஐந்தாம் நாள் மனசு கேட்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார். தொலைபேசி புதிதாக வந்த காலத்து மனிதரைப் போல உரக்கப் பேசினார்.

"தம்பி! ஈரத்துணித் தம்பி! ரொம்ப நன்றி! உன்னால நான் நிறைய தடவ பொழச்சேன்!"

எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

என்ன பேசுவது என்று தெரியாமல் போகும்போதெல்லாம் அவர் கேட்கிற ஒரே கேள்விதான் வாயில் வந்தது. "சாப்ட்டியாப்பா?"

"சாப்டேன்பா" என்றது ஈரத்துணி.

கறையண்ணன் அசையவில்லை. திரையில் அவரைச் சுட்டார்கள். விழுந்தார். ஈரத்துணி ஓடிவந்து மண்டியிட்டது.

"எழுந்திருங்கப்பா" என்றது அந்தக் குரல், காதுக்குள்.

மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறையண்ணன் மைக்கை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டார்.

"எத்தன நாளா... நான் பேசறதெல்லாம் கேட்டுட்டு இருக்கே?"

"மொத நாள்லேருந்து."

"எல்லாத்தையுமா?"

"ரத்தக் கறைக்குப் பச்சத் தண்ணி. வெந்நீர் ஊத்தினா நின்னுடும்." பிறகு, "நான் தூங்கல அன்னிக்கு. நீங்க காலத் தொட்டப்போ. ஏன் தொடறீங்கன்னுதான் தெரியல" என்றான்.

கறையண்ணன் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷமாக ஊறப் போட்டிருந்த வார்த்தை ஒன்று மேலே வந்தது.

"அந்த ஒயர்... நான் அன்னிக்கு..."

"அப்பா, குனிங்க!"

"ஒயர்டா... நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது..."

"சரிப்பா, சரி! இப்போ குனிங்க, சுடறான்!"

கறையண்ணன் குனிந்தார். திரையில் அல்ல, சோபாவில். முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் நிமிரவில்லை. குண்டுகள் அவர் தலைக்கு மேலே போயிருக்க வேண்டும். மனைவி முதுகில் கை வைத்தாள்.

ஏழாம் நாள் தணிக்கை அதிகாரி தீர்ப்பை எழுத்தில் கொடுத்தார். 'வெட்ட வேண்டியது எதுவும் இல்லை. சேர்க்க வேண்டியது ஒன்று: விழுந்தவர்களைத் தூக்கவும் துவைக்கவும் ஆட்களைக் கூட்ட வேண்டும்.' மனைவி அதைப் படித்து, 'புகார் முடிக்கப்பட்டது' என்று ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"ஒரு சந்தேகம்" என்றார் கறையண்ணன். "ரெண்டு மாசமா அவனோடதான் பேசிக்கிட்டு இருந்தே. காதுலதான் ஹெட்போன் இருக்கே, மெதுவாப் பேசினாலே அவனுக்குக் கேக்குமே. எதுக்கு அந்தக் கத்து கத்தினே? அதுவும் நான் தூங்கற ரூம் கதவப் பாத்து?"

"நீங்க புகார் குடுக்கணும்ல?"

"என்னது?"

"அவனோட பேசுங்கன்னு சொன்னா பேசுவீங்களா? ரெண்டு வருஷமா சொல்லிப் பாத்துட்டேன். உங்கள ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னா, அத மூடறதுக்குன்னு சொன்னாத்தான் வருவீங்க. ரெண்டு மாசம் தொண்டை கிழியக் கத்தினேன். இவ்ளோ லேட்டாவா ஒரு மனுஷனுக்குக் கோவம் வரும்?"

"அவனுக்கும் இது தெரியுமா?"

"ஈரத்துணின்னு பேரு வெச்சது அவன்தான். எங்கப்பா ஒருநாள் பாப்பாருன்னு வெச்சான்" என்றாள் அவள். கன்ட்ரோலரை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். "இந்தாங்க. இனிமே உங்க பாடு, உங்க பிள்ள பாடு. எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. அப்பப்பா, என்ன வெட்டுக்குத்து!"

அன்றிலிருந்து அப்பாவும் மகனும் தினமும் ஆறரைக்குப் போருக்குப் போகிறார்கள். போரைவிடப் பேச்சுதான் அதிகம். ஹாஸ்டல் தலையணை உறையில் விழுந்த பேனா மைக்கறையிலிருந்து, மகனுக்குப் பரீட்சையைப் பற்றி இருந்த பயம் வரைக்கும் எல்லாம் வெளியே வந்தது. ஆனாலும் இரண்டு வாரம் போனதும் கறையண்ணனுக்கு ஒரு குறை. எந்த இரண்டு மணி நேரத்துக்காகச் சபதம் போட்டாரோ, அதில் மகன் கிடைத்தான், மனைவி போய்விட்டாள். யோசித்துப் பார்த்தார். வழி, ஏற்கெனவே தெரிந்த வழிதான். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினார்: 'பொருள்: மாலை ஆறரை முதல் எட்டரை வரை மனைவி கிடைக்காமை குறித்து.' அதைச் சாப்பாட்டு மேஜையில் அவள் மூக்குக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போருக்குக் கிளம்பினார்.

சரியாக ஏழு மணிக்கு, நடுச் சண்டையில், தாள் அவர் மடியில் வந்து விழுந்தது. அவளுடைய ஆபீஸ் கையெழுத்து.

'தல ஆய்வு செய்யப்பட்டது. மனைவி தினமும் மேற்படி நேரத்தில் புகார்தாரருக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில், அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பதினாலு நாளாகப் புகார்தாரர் ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லை. திருப்பிப் பார்க்கவும். புகார் முடிக்கப்பட்டது.'

கறையண்ணன் தலையைத் திருப்பினார். நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவள், கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் அசடு வழியச் சிரித்தார்.

"அப்பா!" என்று அலறியது ஈரத்துணி. அதற்குள் தலையிலேயே சுட்டுவிட்டார்கள்.